சிலிண்டர் தராசில் பேட்டரியைத் தின்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பக்கத்தில் வந்த ‘சமையல் எரிவாயு சிலிண்டருக்கு ஒரு தராசு’ செய்முறைப்படி, இடைவிடாமல் அளக்கும்படி செய்தால் பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காது. பெரிய பேட்டரி போட்டுச் சரிக்கட்டுகிற விஷயமல்ல இது. எடையை மின்சமிக்ஞையாக மாற்றும் லோட்செல்லுக்குள் இருக்கும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றுதான் (நான்கு மின்தடைகளின் இணைப்பு) மின்சாரத்தைக் குடிக்கிறது. 350 ஓம் லோட்செல்லுக்கு 4.3 வோல்ட் கொடுத்தால் 12 மில்லி ஆம்பியர் ஓடும். அந்தச் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சிப் தனக்கென எடுப்பது ஏறக்குறைய 1.5தான். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் காலி. 14.2 கிலோ எரிவாயு குறைவதை நொடிக்கு நொடி பார்த்து ஆகப்போவது என்ன? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

சிப்பின் ‘கிளாக்’ காலை (கன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி துடிப்பு அனுப்பும் முனையை) 60 மைக்ரோ நொடிக்கு மேல் உயர்நிலையில் வைத்தால் சிப் உறங்கிவிடும்; வோல்ட்டைச் சீராக்கும் அதன் ரெகுலேட்டர் வழியாக வரும் லோட்செல் மின்சாரமும் நின்றுவிடும். செல்லின் சிவப்பு வயரை நேராக பேட்டரியில் சேர்த்திருந்தால் மட்டும் நிற்காது. சிப் உறங்கும்போது சிவப்பு, கறுப்பு வயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வையுங்கள்: சுழியம் காட்ட வேண்டும். கன்ட்ரோலர் ரீசெட் ஆகும்போது கிளாக் கால் அந்தரத்தில் தொங்கி சிப் விழித்துக்கொள்ளும். அந்தக் காலிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று போடுங்கள். இதே 60 மைக்ரோ நொடி வேறு விதத்திலும் காலை வாரும். ஓர் அளவுக்கான 25 துடிப்புகளை வாசிக்கும் நடுவில் இன்டரப்ட் (கன்ட்ரோலரை வேறு வேலைக்கு இழுக்கும் அழைப்பு) குறுக்கிட்டால் சிப் பாதியில் உறங்கி, கன்னாபின்னாவென்று எண் வரும். வாசிக்கும்போது இன்டரப்டை நிறுத்திவையுங்கள்.

அளக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் சிப்பின் 15ஆம் கால் வழக்கமான போர்டுகளில் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். விழித்ததும் நிலைகொள்ள 400 மில்லி நொடி பிடிப்பது அதனால்தான். அந்தக் காலைத் தூக்கி 3.3 வோல்ட்டில் சேர்த்தால் 50 போதும். இரைச்சல் (அளவில் வரும் நடுக்கம்) 50 நானோ வோல்ட்டிலிருந்து 90 ஆகும், ஆகட்டும். 40 கிலோ செல்லில் அது அரை கிராம் சொச்சம்.

3.3 வோல்ட்டில் ஓட்டுபவர்கள் போர்டில் செல்லின் வோல்ட்டை நிர்ணயிக்கும் 20 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 12 கிலோ ஓம் வைக்க வேண்டும். அப்போது செல்லுக்கு 3.08 வோல்ட் கிடைக்கும், மின்னோட்டமும் 8.8 மில்லி ஆம்பியராக இறங்கும். மாற்றாமல் விட்டால் ரெகுலேட்டர் வேலை செய்ய இடமில்லாமல் பேட்டரியின் ஆட்டமெல்லாம் அளவீட்டில் தெரியும். முறைக்கு 100 மில்லி நொடி விழித்திருந்தால் செல்லும் சிப்பும் சேர்ந்து சராசரி 3 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டாது.

இவ்வளவும் செய்துவிட்டு அர்டுயினோ உனோ போர்டையே வைத்திருந்தால் எல்லாம் வீண். அதிலுள்ள ரெகுலேட்டர் சும்மா இருக்கவே சில மில்லி ஆம்பியர் கேட்கும். வெறும் ஏடிமெகா328பி கன்ட்ரோலரும் எம்சிபி1700 ரெகுலேட்டரும் போதும்.

அளவுத்திருத்தம் இந்த விட்டுவிட்டு அளக்கும் முறையிலேயே நடக்கட்டும். தொடர்ந்து மின்சாரம் பாய்ந்து சூடேறிய செல்லின் சுழியம் வேறு, குளிர்ந்த செல்லின் சுழியம் வேறு.

செய்முறையில் விட்டுப்போன முக்கியமான ஒன்று: எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடியில் லோட்செல் மட்டும் இருக்கட்டும். பேட்டரியும் சர்க்யூட்டும் சிலிண்டரை விட்டுத் தள்ளி, சுவரில் உயரத்தில்.

இப்படிக்கு,
எடைக்கருவிப் பணிமனை ஊழியர்கள்,
கோயம்புத்தூர்