தலைக்காயம்: 15க்கு 15 போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு வருபவர்களுக்கு எந்த அளவு சுயநினைவு இருக்கிறது என்று 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு டாக்டர்கள் 1974-இல் உருவாக்கியது. கண் திறப்பது, பேச்சு, கை கால் அசைவு மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை. உயிர் காக்க அவசியமான கணக்குதான்.

பைக்கில் விழுந்த என் அக்கா மகன் 15-உடன் வீடு வந்தான். பெயர், ஊர், மாதம் சரியாகச் சொன்னால் பேச்சுக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இப்போது கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறான். மிக்ஸி சத்தத்துக்கே எரிந்து விழுகிறான். எலக்ட்ரீஷியன் வேலையும் போய்விட்டது. இதையெல்லாம் அந்த ஸ்கேல் அளப்பதில்லை.

இதற்கென்றே 8 படிகள் கொண்ட விரிவான கிளாஸ்கோ விளைவு அளவுகோல் இருக்கிறது. பழைய வேலைக்குப் போகிறாரா, தனியாகக் கடைகண்ணிக்குப் போய்வர முடிகிறதா, வீட்டில் சண்டை கூடியிருக்கிறதா என்ற கேள்விகள்தான். போனிலேயே கேட்கலாம்.

விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அருமையானது. அதில் பிழைத்தவர்களை ஆறாம் மாதம் அழைத்து இக்கேள்விகளைக் கேட்கவும், தேவைப்படுவோரை மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை