பிட்ஸ்பர்க் வரை வந்தவனுக்கு

அன்புள்ள கண்ணா,

நீ ஊர் ஊராகப் போய் எடுத்து அனுப்பின பேஸ்பால் மைதானப் படங்கள் எல்லாம் வந்தன. அப்பா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். பாஸ்டனில் அந்தப் பச்சைச் சுவர் 37 அடி உயரம் என்று எனக்கு வேறு பாடம் நடந்தது. சிகாகோவில் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருப்பதும் அழகுதான். எல்லாப் படத்திலும் மைதானம் இருக்கிறது, நீ இல்லை. உன்னைப் படம் எடுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையா என்றேன். "நீ சும்மா இரு" என்றார் அப்பா. சரி, சும்மா இருக்கிறேன்.

ஆனால் பிட்ஸ்பர்க் வரை வந்திருக்கிறாய். அங்கிருந்து டெட்ராய்ட்டில் நம் வீட்டுக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகாது. பெருமாள் கோயிலுக்கு உன்னைப் பின்சீட்டில் தூங்கவைத்து அழைத்துப்போன அதே ரோடு. கோயிலுக்காவது போனாயா? அந்தப் புளியோதரையாவது வயிற்றில் விழுந்ததா? மைதானத்தில் விற்கும் நாச்சோஸ் சாப்பாடு ஆகாது. ராத்திரியில் கார் ஓட்டாதே.

அங்கே பல்கலைக்கழகக் கட்டடத்துத் தரையில், கண்ணாடிக்கு அடியில் ஒரு ஹோம் பிளேட் இருக்கிறதே, அதுதான் அடிக்கிறவர் பக்கத்தில் நிற்கும் அந்த வெள்ளைத் தகடு, பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம் இருந்த இடமாமே. 1960-ல் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் மாஸெராஸ்கி கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து, வருஷக் கடைசிச் சாம்பியன் போட்டியான வேர்ல்டு சீரீஸை முடித்துவைத்தது அங்கேதானாம். வருஷாவருஷம் அக்டோபர் 13 அன்று, மிச்சமிருக்கும் மதில் அருகே கூடி, பழைய வர்ணனையை மறுபடி போட்டுக் கேட்கிறார்களாம். முடிவு தெரிந்த ஆட்டத்தை! எனக்கு ஆச்சரியமில்லை. 1984-ல் நம் ஊர் டைகர்ஸ் ஜெயித்த டேப்பை உன் அப்பா தேயத் தேயப் போட்டவர்தானே.

டைகர் ஸ்டேடியத்துத் தூண் கதை உனக்குத் தெரியும். பரவாயில்லை, மறுபடி கேள். எங்களுக்குக் கிடைத்தது தூண் மறைக்கும் சீட். எனக்குப் பந்து போடுகிறவர் தெரியமாட்டார், அப்பாவுக்கு அடிக்கிறவர் தெரியமாட்டார். "போட்டுட்டான்" என்பார் அவர். "விட்டுட்டான்" என்பேன் நான். இப்படியே ஒன்பது இன்னிங்ஸ். உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. அதற்கு முந்தின நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை. பெரியத்தை எழுதின கடிதம்தான் காரணம், வேறென்ன. ஊருக்குப் போகிறேன் என்று பெட்டிகூட எடுத்து வைத்திருந்தேன். டிக்கெட் வீணாகிவிடுமே என்றுதான் போனோம். தூண் நடுவில் நின்றதால் பேசாமல் தீரவில்லை.

அந்தத் தூண்கள் இருந்ததால்தான் மேல்தட்டு மைதானத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்ததாம். புது கொமெரிக்கா பார்க்கில் எதுவும் மறைக்காது, ராட்டினம்கூட உண்டு, ஆனால் மேலே உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி. பழையதில் கடைசி ஆட்டம் 1999 செப்டம்பர் 27. அன்று ஹோம் பிளேட்டைத் தோண்டி எடுத்துப் புது மைதானத்துக்குக் கொண்டுபோனதை டிவியில் பார்த்து நீ அழுதாய். போன வாரம் அப்பா என்னைப் பழைய மைதானம் இருந்த மிச்சிகன் அவென்யூ முனைக்கு அழைத்துப் போனார். கட்டடத்தை இடித்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கொடிக்கம்பம் அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் செயற்கைப் புல்லில் விளையாடுகிறார்கள். அப்பாவுக்குப் புல்லைப் பார்த்ததும் கோபம். வீடு வரும்வரை அதே பேச்சு.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைக் கோயிலில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. உங்கள் பையன் மாதிரி உண்டா என்கிறார்கள். அந்தப் பையன் போன் எடுப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அப்புறம், வடாம் பார்சலை அவள் பேருக்குத்தான் அனுப்பினேன். வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

செப்டம்பரில் இங்கே ஆட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, கீழ் வரிசையில்தான் எடுக்கவேண்டும். டிக்கெட் மூன்று எடுக்கவா, நாலு எடுக்கவா? அதை மட்டும் எழுது. நல்ல சீட் எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம்.

அம்மா