மீன் கிடைக்காத அன்னைக்கும் போன் பண்ணுய்யா

எய்யா,

சாம்ப்ளைன் லேக் மீன்பிடிப் போட்டி ரிசல்ட் நான் பாத்துட்டேன். ரெண்டாவது நாளுக்கு நேரா ஒன் பேர்ல சைபர். நீ அன்னைக்கு ராத்திரி அனுப்புன மெசேஜ்ல "எல்லாம் ஓகே மா, டயர்டா இருக்கு, அப்புறம் பேசுதேன்"னு மட்டும் இருக்கு, அந்த அப்புறம் இன்னும் வரல. அதான் ஒக்காந்து எழுதுதேன். நீட்டமா இருக்கும், நீ எழுத்துக் கூட்டி மெதுவா தான் வாசிப்ப, பரவால்ல, எங்கயாவது ட்ரக்க நிப்பாட்டிட்டு வாசி, ஓட்டிக்கிட்டே போன பாக்காத.

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒங்கூட வீடு எடுத்துத் தங்குத ஜார்ஜியாப் பையனோட அம்மாவும் நானும் டெக்ஸ்ட் பண்ணிக்கிடுவோம், ஒங்க யாருக்கும் அது தெரியாது. போட்டி ஆரம்பிச்ச பிளாட்ஸ்பர்க்ல இருந்து தெக்க டிகாண்டெரோகா வரைக்கும் போனியாம். அறுபது எழுபது மைல் தண்ணியிலயே! எல்லாரும் வடக்கு பக்கம் தெளிஞ்ச தண்ணியில பாறை மேல ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது நீ மட்டும் அந்தக் கலங்கல் தண்ணியில பாசிக்குள்ள பெரிய லார்ஜ்மவுத் பாஸ் கெடக்கும்னு போயிருக்க. அது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, அந்த லேக்ல ஜெயிச்சவுங்கள்லயும் அப்படிப் போய் ஜெயிச்சவுங்க உண்டு, அங்கயே மாட்டிக்கிட்டவுங்களும் உண்டு. வடக்கும் தெக்குமா நூத்தியிருவது மைல் நீளம் கெடக்குத ஏரி, வடக்க இருந்து காத்து அடிச்சா அலைய தடுக்க ஒன்னும் கெடையாது. திரும்பி வரும்போது அந்த அலையில எழுபது மைல் வேகத்துல வர முடியுமா, ஆள் நடக்குத வேகத்துல தான் வந்திருப்ப. லேட்டானா மீன் எடையில நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு போகும், பதினஞ்சு நிமிஷம் தாண்டிட்டா அன்னைக்குப் பிடிச்சது அத்தனையும் போச்சு. போட்டுக்குள்ள இருக்க லைவ்வெல் தொட்டியில அஞ்சு மீனு உயிரோட நீந்திக்கிட்டு இருக்க, கணக்குல சைபர். அத நினைச்சா எனக்கே நெஞ்சு அடைக்கி, ஒனக்கு எப்படி இருந்திருக்கும்.

இதத்தான் கேக்கேன், அன்னைக்கு ஏன் என்ட்ட சொல்லல?

நான் ரொம்ப நாளா கவனிச்சுக்கிட்டே இருக்கேன். கட்டுக்குள்ள, அதான் பரிசுக் காசு கெடைக்குத எடத்துக்குள்ள, வந்த அன்னைக்கு எடை போடுத மேடையில இருந்து எறங்கி மீன ரிலீஸ் போட்ல விடுததுக்கு முன்னாலயே எனக்கு போன் வந்துரும். பின்னால அப்பா ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவாக, ஒரே சத்தமா இருக்கும். கட்டுக்கு வெளிய போன வாரத்துல தம்ஸ் அப் படம் ஒன்னு வரும், இல்லேன்னா சூரியன் மறையுத போட்டோ வரும். ஃப்ளோரிடால இருந்து அப்படி ஒன்னு வந்துச்சு, டெக்சாஸ்ல சாம் ரேபர்ன்ல இருந்து ஒன்னு வந்துச்சு. சூரியன் மறையுத போட்டோ வந்தாலே எனக்கு வயித்தக் கலக்க ஆரம்பிச்சுரும்.

காசு விஷயத்த நினைச்சுக்கிட்டு தான் நீ மறைக்கன்னு எனக்குத் தோணுது. எய்யா, ஒன் கணக்கு எழுதுததே நான் தானே. ஒரு போட்டிக்கு என்ட்ரி ஃபீஸ் ரெண்டாயிரம் டாலர் கிட்ட, அப்புறம் வீட்டு வாடகையில ஒம்பங்கு, போட்டுக்கு ஒரு பெட்ரோல் ட்ரக்குக்கு ஒரு பெட்ரோல், போட்ட இழுத்துக்கிட்டு போனா அந்த ட்ரக்கு காலனுக்கு பத்து மைல் குடுத்தாலே பெரிய விஷயம், இங்க சட்டனூகால இருந்து பிளாட்ஸ்பர்க் ஆயிரம் மைலுக்கு மேல, ட்ரெய்லர் டயரு, பேரிங்கு, பேட்டரி, கம்பி, தூண்டில், பாறையில மாட்டி அத்துப் போற ஒவ்வொரு க்ராங்க்பெய்ட் பொய் மீனும் இன்னைக்கு என்ன வெலைன்னு எனக்குத் தெரியாதா. கட்டுக்குள்ள வராட்டா இதுல ஒரு பைசா திரும்பாது. சட்டையில அத்தன லோகோ ஒட்டியிருக்கேன்னு ஊருல கேக்காக, அதுல பாதிப் பேரு காசு குடுக்கல, சாமான் வெலையில தள்ளுபடி தான் குடுக்காங்கன்னு நான் எல்லாருக்கும் வெளக்கிக்கிட்டா இருக்க முடியும். இதுக்கு மேல இருக்க எலைட் சீரிஸ்க்குப் போனா முதல் பரிசு ஒரு லட்சம் டாலர், ஆனா அங்க உள்ள நுழையவே ஒரு சீசனுக்கு நாப்பதாயிரம் டாலருக்கு மேல கட்டணும். இதெல்லாம் தெரிஞ்சு தான் நானும் அப்பாவும் ஒக்காந்து பேசி ஒனக்குன்னு ஒரு தொகைய ஒதுக்கி வச்சோம். அது கொறையும்னு எங்களுக்குத் தெரியும். கொறையட்டும். அதுக்குத் தான் வச்சிருக்கு.

ஒண்ணு சொல்லுதேன் கேளு. தகாஹிரோ ஓமோரி கதைய நீ தான் சின்னப் பையனா இருக்கும்போது எனக்குச் சொன்ன. ஜப்பான்ல இருந்து 1992ல இங்க வந்தாரு, இங்கிலீஷ் சரியா வராது, தெரிஞ்ச மனுசங்க கெடையாது, கார்லயே தான் படுத்துக் கெடந்தாரு. 2004ல வட கரோலினா பக்கம் லேக் வைலில, இந்த வெளையாட்டுலயே பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் க்ளாசிக்க ஜெயிச்சாரு, அதுவும் கடைசி நாளு கடைசி சில நிமிஷத்துல கெடச்ச மீன வச்சு. நீ அந்தக் கடைசி நிமிஷத்தத் தான் திரும்பத் திரும்பச் சொல்லுவ. எனக்கு அதுக்கு முன்னால போன பன்னெண்டு வருசம் தான் மனசுல நிக்கி. அந்த மனுசன் தோத்த ராத்திரி எல்லாம் யார்ட்ட பேசியிருப்பாரு? அவுக அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். ஒன் அம்மா ஒரே போன் தூரத்துல தான இருக்கேன், அத ஏன் வேஸ்ட் பண்ணுத.

ரிக் க்ளன்னையும் எடுத்துக்கோ. கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுத வேலைய விட்டுட்டு வந்தவரு, நாலு க்ளாசிக் ஜெயிச்சாரு, 2019ல எழுவத்திரெண்டு வயசுல செயின்ட் ஜான்ஸ் ஆத்துல எலைட் போட்டி ஜெயிச்சாரு. முதல் க்ளாசிக் 1976ல. அப்போ நடுவுல எத்தன வருசம், எத்தன மோசமான வாரம் அவருக்குப் போயிருக்கும்னு பாத்துக்கோ. ஒனக்கு இன்னும் இருவத்தஞ்சு கூட ஆவல.

பாளையங்கோட்டையில சித்தி மாமா எல்லாரும் கேக்குத கேள்விய பத்தி நீ கவலப்படாத, அத நான் பாத்துக்கிடுதேன். "பிடிச்ச மீன திருப்பி தண்ணியிலயே விடுததுக்கா இவ்வளவு செலவு"ன்னு மாமா ஒவ்வொரு தடவையும் கேப்பாக. நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன், ரே ஸ்காட்னு அலபாமால இன்சூரன்ஸ் வித்துக்கிட்டு இருந்த ஒரு மனுசன் 1967ல மழையில மீன் பிடிக்க முடியாம மோட்டல் ரூம்ல ஒக்காந்திருந்தப்போ யோசிச்சு ஆரம்பிச்ச வெளையாட்டு இது, ஆர்க்கன்சால பீவர் லேக்ல முதல் போட்டி, நூத்தியாறு பேரு, ஆளுக்கு நூறு டாலர். 1972லயே மீனக் கொல்லாதீங்கன்னு அவரே இயக்கம் நடத்தி, உயிரோட திருப்பி விடுதத பழக்கமாக்குனாரு. இன்னைக்கு ஒரு மீன் செத்துப் போனாக்கூட எடையில நாலு அவுன்ஸ் கொறச்சுருதாங்க. மீன பத்திரமா வச்சிருக்க ஐஸும் ஆக்சிஜனும் போட்டுக்கிட்டு, ஆழத்துல இருந்து வந்த மீனுக்கு வயித்துல காத்து அடச்சா ஊசி வச்சு காத்த எடுத்து விடுத பையன் நீ. மீன்மேல இவ்வளவு அக்கறை உள்ளவன நான் பெத்திருக்கேன்னு மாமாட்ட சொன்னா அவுக வாய மூடிக்கிடுவாக.

தண்ணிக்குள்ள நீந்துத மீன திரையில காட்டுத அந்த லைவ் சோனார் சண்டையும் எனக்குத் தெரியும். 2018ல லைவ்ஸ்கோப்னு அந்தக் கருவி வந்ததுல இருந்து பெரியவங்க எல்லாம் இது மீன்பிடியா வீடியோ கேமான்னு கேக்காங்க, ஒன்ன மாதிரி சின்னப் பசங்களத்தான் சொல்லுதாங்க. என்னக் கேட்டா, திரையில மீன் தெரியுதது வேற, அந்த மீன வாயத் திறக்க வைக்கது வேற. அத நீ பாத்துக்கோ. ஆனா நாள் பூரா குனிஞ்சு அந்தத் திரையப் பாத்து கழுத்து பிடிச்சுக்கிட்டுன்னு நீ சொன்ன பாரு, அதுக்கு டாக்டர்ட்ட போனியா இல்லையா?

இப்போ பயத்த சொல்லிருதேன், மறைக்காத மறைக்காதன்னு ஒன்னச் சொல்லிட்டு நான் மறைக்கக் கூடாதுல்ல. 2025 ஏப்ரல்ல அலபாமா ஸ்மித் லேக்ல காலையில போட்டி நடக்கும்போது ரெண்டு போட்டு மோதி மூணு பேரு செத்துப் போனாங்க. அந்த நியூஸ் வந்த அன்னைல இருந்து நீ காலையில கெளம்புத நேரம் எனக்குத் தன்னால முழிப்பு வந்துரும். இருநூத்தம்பது குதிரை சக்தி மோட்டர், முன்னால பாதி இருட்டு, மூஞ்சில பனி. லைஃப் ஜாக்கெட் போடுத, ஆள் விழுந்தா மோட்டர நிப்பாட்டுத கில் சுவிட்ச் மாட்டுத, அது ரூல்னு எனக்கும் தெரியும். போட்டி நாளுக்கு மட்டும் இல்ல, பிராக்டீஸ்ல தனியா போற நாளுக்கும் தான் கேக்கேன். சேவல் கூவுததுக்கு முன்னால எறங்கி இருட்டுனப்புறம் ஏறி வாரது பிராக்டீஸ்ல தான, அப்போ ஒனக்குக் கூட ஆளு கெடையாது. ரேம்ப்ல போட்ட எறக்கும்போது ஒரு மெசேஜ், ஏத்துனப்புறம் ஒரு மெசேஜ். ஒரு எழுத்து போதும்.

போன்ல பேசுனா ரூல் பிரச்சனை வரும்னு நீ ஒரு தடவ சொன்ன. எந்த எடம், எவ்வளவு ஆழம், என்ன கலர் ஜிக்கு தூண்டில்னு நான் கேக்கப் போறதும் இல்ல, ஒனக்குச் சொல்லப் போறதும் இல்ல. பக்கத்து வீட்டு அங்கிள் நம்ம ஊரு சிக்கமாகா ஏரியில எங்க மீன் கடிக்குதுன்னு ஒனக்குச் சொல்லச் சொல்லி வாயத் தொறந்தாரு, நான் கையெடுத்துக் கும்பிட்டு நிப்பாட்டிட்டேன், வெளியாள்ட்ட இருந்து தகவல் வாங்குனா டிஸ்குவாலிஃபை பண்ணிருவாங்கன்னு. எனக்கு வேண்டியது ஒன்னப் பத்தின தகவல். தூங்குனியா, சாப்டியா, அழுகை வந்துச்சா, யாரு மேலயாவது கோவமா இருக்கியா.

ஒனக்கு ஞாபகம் இருக்கா, 2015 பிப்ரவரில நம்ம சிக்கமாகால 15 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் பிடிச்சு டென்னசி ரெக்கார்ட ஒருத்தரு ஒடச்சாரு, அறுவது வருசமா யாரும் தொடாத ரெக்கார்டு. நீ அந்த வாரம் முழுக்க தூங்கல. ஃப்ளோரிடா வகை மீன் குஞ்ச 2000ல இருந்து அந்த ஏரியில விட்டுக்கிட்டு வந்ததுனால தான்னு எங்களுக்கு பாடமே நடத்துன. அதுக்கப்புறம் ஹை ஸ்கூல் டீம்ல சேந்த, பசங்க போட்டியில போட்ட ஓட்டுததுக்கு பெரிய ஆளு ஒருத்தரு வேணும்னு சொன்னதும், தாமிரபரணியில கூட எறங்க பயப்படுத ஒங்கப்பா போட் ஓட்டப் படிச்சாக. அந்த வருசங்கள்ல நீ ஒரு மீன் கூட இல்லாம வந்த நாள் எத்தனையோ. ட்ரக்குல வீடு வர வரைக்கும் நீ விடாம பேசுவ, தண்ணி சூடு என்ன, காத்து எந்தப் பக்கம், எந்த மீன் வாய விட்டு நழுவுச்சு, அப்பா எங்க திருப்பியிருக்கணும்னு எல்லாம். அந்தப் பேச்சு தான்யா எங்களுக்கு வேணும். கோப்பைய நீ ஷெல்ஃப்ல வச்சுட்டுப் போயிட்ட, அதுட்ட நாங்க என்ன பேச.

ஸ்கூல் நாள்ல வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதாலும் அடுத்த அறையில நான் இருப்பேன். இப்போ எந்த ஊரு மோட்டல்னு கூட எனக்குத் தெரியாது, ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் வயர விட்டு பேட்டரி சார்ஜ் போட்டுட்டு, யாராவது தூண்டில் ராட தூக்கிட்டுப் போயிருவானோன்னு ராத்திரி பாதி முழிச்சுக்கிட்டு கெடப்பன்னு மட்டும் தெரியும். அந்த முழிச்சுக் கெடக்குத நேரத்துல கூப்பிடு. எத்தன மணின்னாலும் எடுப்பேன்.

அடுத்த போட்டிக்குப் போற வழியில வீட்டுக்கு வந்துட்டுப் போ. புளிக்காய்ச்சல் கிண்டி பாட்டில்ல வச்சிருக்கேன், பருப்புப் பொடியும் அரைச்சிருக்கேன், ட்ரக்குல அந்த ரைஸ் குக்கர் இன்னும் வேல செய்யுதா இல்ல புதுசு வாங்கவா? கேஸ் ஸ்டேஷன் சாப்பாட்ட கொறச்சுக்கோ. அப்பா ட்ரெய்லர் டயர் ரெண்டையும் மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்காக, பேரிங்குக்கு கிரீஸும் அவுகளே போடுவாகளாம். போட் இன்சூரன்ஸ் ரினியூவல் லெட்டர் வந்திருக்கு, ஒன் கையெழுத்து வேணும்.

இத வாசிச்சு முடிச்சதும் மெசேஜ் அனுப்பாத, போன் பண்ணு. டிகாண்டெரோகால இருந்து திரும்புத வழியில என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லு, அப்பாவும் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காக.

அம்மா