எல்லாமே ‘பிரகாசித்தல்’ ஆகுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில் வந்த ஆங்கிலச் சொல் அட்டவணையை என் மகள் வெட்டியெடுத்துத் தன் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறாள். கிளோ – பிரகாசித்தல். கிளீம் – பிரகாசித்தல். கிளிட்டர் – பிரகாசித்தல். கிளிசனுக்கு மட்டும் இரக்கப்பட்டு ‘மிகவும் பிரகாசித்தல்’ என்று போட்டிருக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளை. “நாலும் ஒன்றுதான் என்றால் எதற்கு அப்பா நாலு சொல்?” என்று கேட்டாள்.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். பரந்தன் பக்கத்தில் நகை செய்கிறவன். இடப்பெயர்வுகளுக்கு நடுவே மரத்தடி வகுப்புகளில் படித்த ஆங்கிலம்தான் என்னுடையது. ஆனால் காலையிலிருந்து மாலைவரை வெளிச்சத்தைப் பார்த்தே பிழைக்கிற தொழில் எங்களுடையது. பட்டறை மேசையில் ஓர் அகராதியும் கிடக்கிறது. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

அன்று மகளைப் பட்டறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூசையில், அதாவது பொன் உருக்கும் கிண்ணத்தில், கிடந்த பொன் சூடேறி மங்கிய சிவப்பாகக் கனலத் தொடங்கியதும் விளக்கை அணைத்தேன். அறை இருண்டது, பொன் இருளவில்லை. 1064 பாகை செல்சியசில்தான் பொன் உருகும். அதற்கு வெகு முன்பே அது தன்னுள்ளிருந்து ஒளி விட ஆரம்பித்துவிடும். சுவாலை கிடையாது, துடிப்புக் கிடையாது. இதுதான் கிளோ. அடுப்புத் தணலும் அப்படித்தான். ஓட்டப் போட்டி முடிந்து வருகிற பிள்ளையின் கன்னத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் வரும்.

பிறகு மெருகு போட்டு வைத்திருந்த ஒரு காப்பைக் காட்டினேன். விளக்கை அணைத்தால் அதன் ஒளியும் போய்விடும், இரவல் ஒளி. ஆனால் வழவழப்பான உடம்பு முழுவதும் ஒரே சீராக நிற்கும். அது கிளீம். புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கை நினைத்துக்கொள் என்றேன். நம்மிடம் ‘துலங்குதல்’ என்ற சொல் இருக்கும்போது பிரகாசத்தைத் தேடிப் போவானேன்? கல் பதித்த தோடு வேறு சங்கதி. அது அசைய அசைய ஒளி துண்டு துண்டாக உடைந்து தெறிக்கும். அந்த மினுமினுப்புத்தான் கிளிட்டர். இரண்டு துண்டுகளை ஒட்டப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகுழலால் தீயை ஊதும்போது, பொடி உருகி இணைப்பின் வழியே ஓடுகிற அந்தக் கணத்தில் ஒரே ஒரு கோடு பளிச்சென்று வெட்டும் பாருங்கள், அது ஃபிளாஷ். அதைத் தவறவிட்டு ஒரு மூச்சு அதிகமாக ஊதினால் நகையே உருகிப் போய்விடும் என்பதால் எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனி மரியாதை.

‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்பதற்கு ஆங்கிலத்தில் இன்று எல்லோரும் கிளிட்டர் என்றே சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் மொரோக்கோ இளவரசன் பொற்பேழையைத் திறந்ததும் உள்ளே ஒரு மண்டையோடும் ஒரு சீட்டும் இருக்கும். அந்தச் சீட்டில் உள்ள சொல் கிளிஸ்டர். வழக்கொழிந்த பழைய சொல். எந்தச் சொல்லானாலும் தொழில்காரனாக எனக்கு அந்த வாசகத்தோடு முழு உடன்பாடு. பட்டை வெட்டாத 22 கரட் காப்பு மினுமினுக்காது, அமைதியாகத் துலங்கும். தூரத்திலேயே மினுமினுத்துக் கூப்பிடுவது பெரும்பாலும் கவரிங்தான். முடிவை எப்படியும் உரைகல்தான் சொல்லும்.

கிளிசன் பட்டறைக்கு வெளியே இருக்கிறது. ஈரம் பட்ட பொருளின் ஒளி அது. காலபோக வயலில் காலைப்பனி நனைத்த நெற்தாள், வியர்த்த முதுகு, வலையிலிருந்து கொட்டிய மீன். (எழுத்தில் ஒரு ‘ட்’ உண்டு, உச்சரிப்பில் கிடையாது. ஆங்கிலத்தின் வழக்கமான குறும்பு.) இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நிலாக் காலத்தில் நின்றால் தெரிவது ஷிமர், நீரோடு சேர்ந்து ஒளியும் மெல்ல அலைந்து புரளும். பழந்தமிழில் ‘மிளிர்தல்’ என்பதற்குப் புரளுதல் என்ற பொருளும் உண்டு என்பதால் அந்தச் சொல்லையே இங்கே வைக்கலாம் என்பது என் கட்சி. அதே இரவில் ஏ9 வீதியில் எதிரே வருகிற வாகனத்தின் வெள்ளை விளக்கு கண்ணைக் குத்துகிறதே, அது கிளேயர். அதைப் பிரகாசம் என்று புகழ்கிறவர் மோட்டார் சைக்கிள் ஓட்டாதவராகத்தான் இருக்க வேண்டும்.

கிளிமரை என் வயதுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த 90களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெய் விட்டு, நூல் திரியில் ஏற்றிய வெளிச்சம்தான் அது. புத்தகத்தை அதனருகே கொண்டுபோக வேண்டும்; அது நம்மிடம் வராது. காற்று வந்தால் கையை மறைப்பாகக் கொடுப்போம். மங்கலும் நிச்சயமின்மையும் சேர்ந்த அந்த ஒளியைத்தான் ஆங்கிலக்காரர் நம்பிக்கைக்கும் சொல்கிறார்கள்.

கவனித்திருப்பீர்கள், இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் ‘கிள்’ என்ற ஒலியோடுதான் தொடங்குகின்றன. ஓர் ஒலித்துணுக்கு இப்படி ஒரு பொருட்சாயலைக் கூடவே இழுத்து வருவதற்கு ஜே. ஆர். ஃபேர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1930இல் தனிப் பெயரே வைத்தார். நம் ‘மின்’ மட்டும் இளைத்ததா? மின்னல், மினுக்கம், மினுங்குதல், மின்மினி. இந்த மின்மினியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தில் கிளோ வோர்ம் என்பது சிறகில்லாத பெண் வண்டு. புல்லில் இருந்தபடி விட்டுவிடாமல் ஒளிரும், ஆகவே கிளோ. நம்முடையது பறந்துகொண்டே அணைந்து அணைந்து எரிவது. ஆகவே மின், மின். இரண்டு பக்கத்தாரும் பூச்சியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அட்டவணையால் வந்த வில்லங்கத்தை இனிச் சொல்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போனபோது முள்ளியவளையிலிருக்கும் அம்மம்மாவைச் சந்தித்ததைப் பற்றி மகள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருந்தாள். என்னைக் கண்டதும் அம்மம்மாவின் கண்கள் ‘கிளிட்டர்’ செய்தன என்று அதில் ஒரு வரி. கண்ணுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் பெரும்பாலும் கோபமோ பேராசையோ வந்து உட்கார்ந்துவிடும். பேத்தியின் சங்கிலியை அறுக்கப் பார்க்கிற கிழவியாகிவிட்டார் என் மாமியார். கேலியும் அன்புமாகச் சிரித்தால் ட்விங்கிள், துள்ளுகிற மகிழ்ச்சி என்றால் ஸ்பார்க்கிள், கண்ணீர் என்றால் கிளிசன் என்று சொன்னேன்.

மகள் யோசித்தாள். “அம்மம்மா அழவில்லை. அழுகை வந்தது, ஆனால் விழவில்லை” என்றாள். விழத் தேவையில்லை, ஈரம் இருந்தாலே போதும் என்றேன். கிளிட்டரை வெட்டிவிட்டுக் கிளிசன் என்று எழுதினாள்.

ஆசிரியர் அவர்களே, அந்த அட்டவணையைத் திருத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்ன உதாரண வாக்கியத்தோடு மறுபடியும் வெளியிடுங்கள். மகள் பழையதைக் கிழித்துவிட்டு அதை ஒட்டிக்கொள்வாள். அதுவரை அவள் கொப்பியில் என் சிவப்புப் பேனைத் திருத்தம்தான் இருக்கும். என் கையெழுத்தோ அவளுக்கே விளங்குவதில்லை.

இப்படிக்கு,
நகைத்தொழிலாளி ஒருவர்,
பரந்தன்.