கடைச் சிஸ்டத்தில் ஷிஃப்ட்-டெலீட் வேண்டாம்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஜெராக்ஸ், டிடிபி, பிரவுசிங் சென்டர் நடத்துவோருக்கும் டைப்பிங் இன்ஸ்டிடியூட் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கடையானாலும் சரி, திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையானாலும் சரி, காலை பத்து மணிக்கு நடப்பது ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் ஆதார் வருகிறது. இறக்கி இரண்டு நகல் எடுத்துக் கொடுத்ததும், ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து ஒரு தட்டு, என்டர் ஒரு தட்டு. ஃபைல் போய்விட்டது. அடுத்தவர் ஆதாரை நம் சிஸ்டத்தில் வைத்திருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த பழக்கம் இது. ஆனால் நாளெல்லாம் இதையே தட்டிக்கொண்டிருக்கும் விரலுக்கு, இப்போது திரையில் இருப்பது ஆதாரா, நாளை அச்சுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகையா என்று தெரியாது.

"பார்த்து அழுத்தும்மா" என்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் சொல்லி இது தீராது. சிஸ்டத்தில் அந்த வசதியே வேலை செய்யாதபடி அமைத்துவையுங்கள் என்று உங்களைக் கேட்கத்தான் இந்த மடல். ஒரு சிஸ்டத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், காசு செலவில்லை.

முதலில் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறோம். வெறும் டெலீட் அழுத்தினால் ஃபைல் 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைத் தொட்டிக்குப் போகும்; கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் திரும்பி வரும். ஷிஃப்ட்டைச் சேர்த்தால் அந்தப் பின்னைத் தாண்டிப் போய்விடும், கண்ட்ரோல்-இசட்டுக்கும் சிக்காது. உறுதிதானா என்று விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்தான். ஆனால் அந்தப் பெட்டியில் 'யெஸ்' ஏற்கெனவே தேர்வாகி நிற்கும். என்டர் தட்டிப் பழகிய கைக்கு அது கேள்வியே இல்லை, இரண்டாவது தட்டு மட்டுமே.

அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. பழைய மென்பொருள்களில் ஷிஃப்ட்-டெலீட் என்றால் 'கட்', ஷிஃப்ட்-இன்சர்ட் என்றால் 'பேஸ்ட்'. 1980-களில் ஐபிஎம் வகுத்த விசைப்பலகை வழக்கம் அது. எழுத்துக்குள் நின்று அழுத்தினால் இன்றும் பல மென்பொருள்களில் அப்படித்தான் வேலை செய்யும். அந்தக் காலத்தில் கற்றவர் விண்டோஸின் ஃபைல் உலவியான எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்ற நினைத்து ஷிஃப்ட்-டெலீட் அழுத்தினால், வெட்டி எடுப்பதற்குப் பதில் எரித்துவிடுகிறார். ஒரே விசை, இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம்.

இன்னொரு பொறி எக்ஸ்ப்ளோரரின் இடது பக்கப் பட்டியல். வலப்பக்கத்தில் ஒரு ஃபைலைப் பார்த்துக்கொண்டே அழுத்துகிறோம். கடைசியாகக் கிளிக் செய்த இடமோ இடப்பக்க மரத்தில் இருக்கும் ஃபோல்டர். போவது ஃபைல் அல்ல, முழு ஃபோல்டர். உறுதி கேட்கும் பெட்டியில் 'இந்த ஃபோல்டரை' என்றோ 'இந்த 214 உருப்படிகளை' என்றோ எழுதியிருக்கும். அதை நின்று படிப்பவர் யார்?

இனி செய்ய வேண்டியது. விண்டோஸ் 10, 11 உள்ள சிஸ்டங்களில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மென்பொருளை நிறுவுங்கள். அதில் கீபோர்டு மேனேஜருக்குள் 'ரீமேப் எ ஷார்ட்கட்' திறந்து, ஷிஃப்ட்-டெலீட் என்ற சேர்க்கையை வெறும் டெலீட்டாக மாற்றுங்கள். பக்கத்திலேயே எந்த மென்பொருளுக்கு மட்டும் என்று கேட்கும் கட்டம் இருக்கும். அதில் எக்ஸ்ப்ளோரரின் பெயரைக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் வேர்டிலும் பேஜ்மேக்கரிலும் பழைய 'கட்' வழக்கம் கெடாது, ஃபைல் உலவியில் மட்டும் பல் பிடுங்கப்படும். கணினி தொடங்கும்போதே பவர்டாய்ஸ் ஓடும்படி அமைக்க மறக்காதீர்கள். அது ஓடாவிட்டால் பாம்பு பழையபடி கொத்தும். விண்டோஸ் 7-ஐ இன்னும் விடாத கடைகளுக்கு ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருள் இருக்கிறது. ஓரிரு வரியில் இதே வேலை முடியும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் மெனுவில் 'டெலீட்' கொடுத்தால் அப்போதும் நிரந்தரமாகத்தான் நீங்கும். ஆனால் அது யோசித்துச் செய்யும் வேலை, தெரியாமல் நடக்காது. நாம் தடுக்க நினைப்பது தெரியாமல் நடப்பதை.

அடுத்து ரீசைக்கிள் பின். அதன் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் சி, டி என ஒவ்வொரு டிரைவுக்கும் தனி அமைப்பு இருப்பது தெரியும். 'பின்னுக்கு அனுப்பாதே, உடனே நீக்கு' என்ற தேர்வு டி டிரைவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடம் மிச்சமாகும் என்று சர்வீஸுக்கு வந்த யாராவது என்றோ போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படி இருந்தால் வெறும் டெலீட்டும் ஷிஃப்ட்-டெலீட்டும் ஒன்றுதான், நாம் பவர்டாய்ஸில் செய்ததெல்லாம் வீண். அதே பக்கத்தில் 'நீக்குமுன் உறுதி கேள்' என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள்; விண்டோஸ் 8 முதல் அது தானாக வருவதில்லை. பின்னின் அளவையும் கவனியுங்கள். பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஃபைல் பின்னில் கொள்ளாவிட்டால், நிரந்தரமாக நீக்கவா என்றுதான் விண்டோஸ் கேட்கும்.

ரீசைக்கிள் பின்னே இல்லாத இடங்களும் உண்டு. பென்டிரைவில் இருந்து நீக்கினால் எந்த விசையை அழுத்தினாலும் நிரந்தரம்தான். வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவில் நேரடியாக வேலை செய்யாமல், கணினியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு செய்வது இதற்காகத்தான். இரண்டு மூன்று சிஸ்டத்தை இணைத்து ஒரே டி டிரைவைப் பகிரும் டிடிபி கடைகளிலும் இதே கதை: இரண்டாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து முதல் சிஸ்டத்தின் ஃபைலை நீக்கினால் இரண்டு பின்னிலும் அது இருக்காது. பலரும் அறியாத இடம் இது.

பகிர்ந்த டிரைவுக்கு வழி, அனுமதியைக் குறைப்பது. 'முடிந்த வேலைகள்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, நெட்வொர்க்கில் அதைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். அதே சிஸ்டத்தில் உட்காருபவருக்கும் தடை வேண்டுமானால், ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதியில் அட்வான்ஸ்டு போய், ஆபரேட்டர் கணக்குக்கு 'டெலீட்', 'டெலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்டு ஃபைல்ஸ்' இரண்டையும் 'டினை' செய்யுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் ஃபோல்டரில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். வேர்டு ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, பழையதை அகற்றிவிட்டுப் புதியதற்கு அந்தப் பெயரை வைக்கிறது. நீக்கும் அனுமதி இல்லாவிட்டால் சேமிக்கவே முடியாது. சிதம்பரம் பக்கம் ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்நூறு பக்கத்தைச் சேமிக்க முடியாமல் தவிப்பது நீக்கியதைவிடக் கொடுமை.

"சரி, ஆதாரை எப்படி அழிப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் ஃபைல் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மட்டும் இறங்கட்டும். கடை வேலை எதையும் அங்கே வைக்காதீர்கள். நகல் எடுத்ததும் சாதாரண டெலீட். கடை சாத்தும்போது பின்னை ஒருமுறை திறந்து, கண்ணால் ஒரு பார்வை ஓட்டி, காலி செய்யுங்கள். மறந்துபோகும் என்றால் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற அமைப்பில், ஒரு நாளுக்கு மேல் பின்னில் கிடப்பதைத் தானே அழிக்கும்படி சொல்லிவைக்கலாம். ஷிஃப்ட்-டெலீட் போட்டாலும் ஹார்டு டிஸ்க்கில் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. இடம் காலி என்று குறித்துவைக்கப்படுகிறது, அவ்வளவே. ஆக, அந்தரங்கப் பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதி மாயை. உண்மையிலேயே துடைக்க விரும்பினால் விண்டோஸில் 'சைஃபர்' என்ற கட்டளை இருக்கிறது. காலி இடம் முழுவதையும் மேலெழுதும், பல மணி நேரம் எடுக்கும். அதை ஓட்டிய பிறகு எந்த மீட்பு மென்பொருளாலும் எதையும் எடுக்க முடியாது என்பதால், கடை வேலைகளுக்கு நகல் இருப்பதை உறுதி செய்துகொண்டே ஓட்டுங்கள்.

நகல் என்றதும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி மேசைக்கடியில் வைத்துவிடுகிறோம். 2011 டிசம்பர் 30-இல் 'தானே', 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' எனப் புயல்கள் நம் கரையில் ஏறிய ஊர் இது. தண்ணீர் வந்தால் சிஸ்டமும் நகலும் ஒன்றாக நனையும். மாடியிலோ வீட்டிலோ ஒரு நகல் இருக்கட்டும். இந்த மாத வேலைகளை மட்டும் கூகுள் டிரைவின் கணினிச் செயலியோடு இணைத்த ஃபோல்டரில் வைத்தால் இன்னும் நல்லது. 15 ஜிபி வரை இலவசம். அங்கிருந்து எதை நீக்கினாலும் கூகுளின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், ஷிஃப்ட் சேர்த்து நீக்கியிருந்தாலும் கூட. விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. இயல்பாக மணிக்கு ஒரு தடவை நகலெடுக்கும். அதைப் பத்து நிமிடமாகக் குறைக்கலாம். அது டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றை மட்டுமே பார்க்கும் என்பதால் டி டிரைவில் உள்ள வேலை ஃபோல்டரை ஒரு 'லைப்ரரி'யில் சேர்த்துவிட வேண்டும். கோரல்டிராவில் 'சேமிக்கும்போது பேக்கப் எடு' என்பதும், வேர்டில் அட்வான்ஸ்டு பகுதியில் 'எப்போதும் பேக்கப் நகல் உருவாக்கு' என்பதும் டிக் ஆகியிருக்கட்டும். தெரியாமல் ஒரு ஃபைல் போனால் இந்த இரண்டு பேக்கப்பும் கைகொடுக்கும். ஃபோல்டரோடு போனால் கொடுக்காது, இவையும் அதே ஃபோல்டரில்தான் இருக்கும்.

இத்தனைக்கும் மேல் ஒரு நாள் போய்விட்டால்? கையை எடுங்கள். அந்த டிரைவில் எதையும் சேமிக்காதீர்கள், இறக்காதீர்கள், முக்கியமாக மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவாதீர்கள். நீங்கள் மீட்க நினைக்கும் ஃபைலின் மேலேயே அது உட்கார்ந்துவிடலாம். வேறு சிஸ்டத்தில் ரெகுவாவையோ ஃபோட்டோரெக்கையோ பென்டிரைவில் ஏற்றி எடுத்துவந்து ஓட்டுங்கள், மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள். ஃபோட்டோரெக் ஃபைலின் பெயரை மீட்காது; எண்களாகக் குவியும், பொறுமையாகத் திறந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டி என்றால் நீக்கிய இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு தானாகத் துடைத்துவிடும், நம்பிக்கை மிகக் குறைவு. வேகத்துக்காக எஸ்எஸ்டி மாற்றிய கடைகளுக்கு நகல் கட்டாயம் என்பது இதனால்தான்.

மென்பொருளைத் தேடும் முன் வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்பிய ப்ரூஃப் பிடிஎஃப், அச்சகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் எங்காவது இருக்கும். எழுத்தை 'கர்வ்' ஆக்காமல் அனுப்பியிருந்தால் அந்த பிடிஎஃப்பைக் கோரலில் திறந்து பெரும்பகுதியைத் திருத்த முடியும். கர்வ் ஆக்கியிருந்தால் எழுத்தெல்லாம் வெறும் வடிவம்; அப்படியே அச்சடிக்கலாம், முகூர்த்த நேரத்தை மாற்ற முடியாது.

டைப்பிங் இன்ஸ்டிடியூட் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்குப் பயிற்சி தரும்போது சுவரில் ஷார்ட்கட் அட்டவணை ஒட்டியிருக்கும். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி வரிசையிலேயே ஷிஃப்ட்-டெலீட்டும் 'நிரந்தரமாக நீக்க' என்று அமைதியாக உட்கார்ந்திருக்கும். அந்த வரியை அடித்துவிடுங்கள். தேவைப்படுபவர் தானாகக் கற்றுக்கொள்வார். இது மிகையென்று தோன்றினால் பேக்ஸ்பேஸை நினைத்துப் பாருங்கள். படிவம் நிரப்பும்போது தவறி அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குத் தாவி, அடித்ததெல்லாம் போய்விடும் என்பதால் 2016-இல் குரோம் 52-உம், 2021 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 87-உம் அந்தப் பழக்கத்தையே எடுத்துவிட்டன. பயன்படுத்துவோரைத் திட்டிக்கொண்டிருக்காமல் விசையை மாற்றினார்கள். எக்ஸ்பியை விடாத கடைகளில் குரோம் 49-க்கு மேல் ஏறாது, அங்கே இன்னும் அந்த ஆபத்து இருக்கிறது.

லினக்ஸ் போட்ட சிஸ்டங்களில் ஃபயர்பாக்ஸ் இருந்தால், ஒரு டேபை மட்டும் மூடும் கண்ட்ரோல்-டபிள்யூவுக்குப் பக்கத்து விசையான கண்ட்ரோல்-கியூ எல்லா ஜன்னலையும் ஒரே தட்டில் மூடும். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'வெளியேறுமுன் உறுதி கேள்' என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும்.

எல்லாம் அமைத்தபின் சோதித்துப் பாருங்கள். டி டிரைவில் 'சோதனை' என்று ஒரு வெற்று ஃபைல் உருவாக்கி, கவுன்ட்டரில் வழக்கமாக உட்காருபவரையே ஷிஃப்ட்-டெலீட், என்டர் அழுத்தச் சொல்லுங்கள். பின்னைத் திறந்தால் அது அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் பவர்டாய்ஸ் ஓடவில்லை, அல்லது அந்த டிரைவுக்கு 'உடனே நீக்கு' என்ற தேர்வு இன்னும் போட்டிருக்கிறது. விண்டோஸ் பெரிய அப்டேட் ஏறிய மறுநாள் இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் – புதுச்சேரி வட்டாரத்தில் கணினிப் பராமரிப்பு பார்ப்போர் சிலர்