பழைய விண்டோஸை நீக்கச் சொன்னேன், மதர்போர்டை மாற்றச் சொன்னீர்கள்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: இரண்டாவது ஹார்டு டிஸ்கிலிருந்து பழைய விண்டோஸை நீக்கியதில் நடந்த குளறுபடியும் தவறான எஸ்டிமேட்டும் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், என் அலுவலகக் கணினியில் 500 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்கைப் பொருத்தி விண்டோஸ் 11 போட்டுத் தரும்படி உங்கள் கிளையில் கொடுத்தேன். பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும், அதிலுள்ள டேலி கணக்குகளைத் தொட வேண்டாம், பழைய விண்டோஸை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பில்லில் 'பழைய ஓஎஸ் நீக்கம்' என்று தனியாக 600 ரூபாய் போட்டிருக்கிறீர்கள்.

கணினியைக் கொண்டுவந்து ஆன் செய்தால், எந்த விண்டோஸ் வேண்டும் என்று நீலத் திரையில் கேட்கிறது. பத்தும் இருக்கிறது, பதினொன்றும் இருக்கிறது. போனில் கேட்டதற்கு, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் (கணினி தொடங்குதல்) பக்கத்தில் பழைய விண்டோஸின் வரியை டெலீட் செய்யச் சொன்னார் உங்கள் ஊழியர். செய்ததும் அந்தத் திரை வரவில்லை. ஆனால் பழைய விண்டோஸ் ஃபோல்டர்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே கிடந்தன. வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றினால் வீடு காலியாகிவிடுமா?

சரி என்று மறுபடியும் கொண்டுவந்தேன். இந்த முறை பழைய டிஸ்கில் டேலி இருந்த டி டிரைவைத் தவிர எல்லாப் பார்ட்டிஷன்களையும் (டிஸ்கின் பிரிவுகளை) அழித்தார்கள். அதன் பிறகு கணினி பூட் ஆகவே இல்லை. பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்றே திரையில் வந்தது. உங்கள் டெக்னீஷியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு சார்" என்றார். கையோடு 9,800 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட்டும் வந்தது.

மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினியைத் திருப்பி எடுத்துவந்து இந்தத் தொழிலில் இருக்கும் நண்பரிடம் காட்டினேன். விண்டோஸைத் தொடங்கி வைக்கும் ஃபைல்கள் இஎஃப்ஐ என்ற சிறிய பார்ட்டிஷனில் இருக்கும். புது விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்கும் இணைப்பில் இருந்தால், அதில் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே இன்ஸ்டாலர் அந்த ஃபைல்களை எழுதிவிடும். என் கணினியில் நடந்தது அதுதான். எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 முழுதாக இருந்தது, ஆனால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லை; பழைய டிஸ்கில் இருந்த ஒன்றையும் நீங்கள் அழித்துவிட்டீர்கள். இன்ஸ்டால் செய்யும் நேரத்துக்குப் பழைய டிஸ்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கி வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மீது ரைட் கிளிக் செய்தால் டெலீட் என்ற வசதியே கிடைக்காது. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில், தடையை மீறச் சொல்லும் ஓவர்ரைடு கொடுத்தால்தான் அழியும். விண்டோஸே தடுக்கும் ஒன்றை வம்படியாக அழிப்பவர், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க மாட்டாரா?

நண்பர் விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, அந்த இடத்தில் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் புது இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, தொடக்க ஃபைல்களை அதில் மறுபடி எழுதும் பிசிடிபூட் கட்டளை கொடுத்தார். அதே மதர்போர்டில் கணினி இப்போது ஓடுகிறது. டேலி கணக்குகளும் பத்திரமாக இருக்கின்றன. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

தெரியாமல் நடந்த தவறு என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உங்கள் கையால் அழித்ததை என் மதர்போர்டின் கோளாறு என்று சொல்லி விலை போட்டதை ஏற்க முடியாது. விவரம் தெரியாத ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டியிருப்பார். புது போர்டு போடும் சாக்கில் விண்டோஸையும் மறுபடி போட்டிருப்பீர்கள், அவரும் போர்டுதான் கெட்டிருந்தது என்று நம்பியிருப்பார்.

ஓஎஸ் நீக்கத்துக்கு வாங்கிய 600 ரூபாயையும் இன்ஸ்டாலேஷனுக்கு வாங்கிய 900 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். எஸ்டிமேட் தவறானது என்று எழுத்தில் தர வேண்டும். எஸ்எஸ்டியின் விலையை நான் கேட்கவில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், எஸ்டிமேட் நகல், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த பார்ட்டிஷன் பட்டியலின் படங்கள்.