பெற்றோல் இறங்கியும் வான் காசு இறங்காத காரணம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணை, பெற்றோல் இறங்கிட்டுதே, வான் காசைக் குறைக்கலாம்தானே?" வான் காசு என்றால் சாமானை வானில் வீட்டுக்குக் கொண்டுவந்து தர வாங்கும் கூலி. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது கல்லாவில் நின்றுகொண்டு இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. "பார்ப்பம்" என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். அது மரியாதையில்லை என்று மனைவி சொன்னா. அதனால்தான் இந்த மடல்.

முதலில் செய்தி. 2025 டிசம்பர் முதல் எங்கள் வான் வடக்கே எண்ணெய் எடுக்கும் ஊரான ஃபோர்ட் மக்மரிக்குக் கிழமைக்கு ஒரு தடவை போகாது, இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான். வான் காசு வீட்டுக்கு 8 டாலர், அது அப்படியே இருக்கும். கடனுக்கு வாங்குவதை எழுதி வைக்கும் கடன் கொப்பியில் ஒரு மாற்றம் செய்கிறோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பெற்றோல் மலிந்த நேரத்தில் இப்படி ஒரு அறிவித்தல் வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். கணக்கையே காட்டிவிடுகிறேன். அல்பேர்ட்டாவில், எட்மன்டனில் எங்கள் மில்வூட்ஸ் கடையிலிருந்து மக்மரிக்குப் போய்வர ஏறத்தாழ 900 கிலோமீற்றர். எங்கள் பழைய வான் நூறு கிலோமீற்றருக்கு 15 லீட்டர் குடிக்கும், பனிக்காலத்தில் அதற்கும் மேல். ஒரு பயணத்துக்கு 135 லீட்டர் என்று வையுங்கள். லீட்டருக்கு 20 சதம் குறைந்தால் எனக்கு மிச்சம் 27 டாலர். முன்பு ஒரு பயணத்தில் 40 வீட்டுக்குச் சாமான் இறக்கினோம். இப்போது 18. குறைந்த 22 வீட்டின் வான் காசு மட்டும் 176 டாலர். அந்த வீடுகள் வாங்கியிருக்கக்கூடிய அரிசி, மீன், மிளகாய்த்தூளில் வரும் லாபத்தை இதில் சேர்க்கவில்லை.

அந்த 22 வீட்டில் இரண்டு, போன தை மாதம் நாங்கள் அனுப்பிய முட்டை முழுக்க உடைந்து போனதால் வேறு கடைக்கு மாறியவை. அது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன். மற்றவை அப்படியில்லை. ஒப்பந்தம் முடிந்து ரொறன்ரோ பக்கம் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். மனைவி பிள்ளைகளை எட்மன்டனுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தொழிலாளர் விடுதியான காம்ப்பில் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். காம்ப்பில் சாப்பாடு கொடுப்பார்கள், எங்கள் பெட்டி தேவையில்லை. இன்னும் சிலர் அங்கேயே இருக்கிறார்கள், ஆனால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பெற்றோலை மலிவாக்கிய அதே எண்ணெய் விலைதான் இவர்கள் வீட்டிலும் கைவைத்திருக்கிறது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். 2025இல் பெற்றோல் இறங்கியதில் பெரும்பங்கு எண்ணெய் விலையால் வந்ததல்ல. ஏப்ரல் 1ஆம் திகதி, எரிபொருள் வாங்குவோர் கட்டிவந்த கார்பன் வரியை எடுத்தார்கள், லீட்டருக்கு 17 சதத்துக்கும் மேல் அப்படியே கழன்றது. அதனால் ஒருவருக்கும் வேலை போகவில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் அதே ஏப்ரலில், எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் நாடுகளும் அவற்றோடு சேர்ந்தவையும் உற்பத்தியைக் கூட்டப்போவதாகச் சொன்னதும், நாடுகளுக்கிடையே இறக்குமதி வரிச் சண்டை பயமும் சேர்ந்து, ஒரு பீப்பாய் எண்ணெய் 60 டாலருக்கும் கீழே போனது. எங்கள் ஊருக்கு அடி இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

எண்ணெய் விலை விழுந்த மறுநாளே எல்லாம் நின்றுவிடும் என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நிற்காது. மக்மரிக்கு வடக்கே தார்மண் தோண்டுகிற சுரங்கங்கள் விலை இறங்கினாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கட்டுவதற்குப் போட்ட கோடிகள் ஏற்கெனவே போய்விட்டன, மூடித் திறப்பது ஓடவிடுவதைவிடச் செலவு. நிற்பது புதிய வேலை. அடுத்த சுரங்கம், அடுத்த குழாய், பராமரிப்பில் தள்ளிப்போடக்கூடிய பகுதி. அதனால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் எண்ணெய் எடுப்பவர் அல்ல. குழாய் ஒட்டுகிற வெல்டர், சாரம் கட்டுபவர், வரைபடம் கீறுகிற எஞ்சினியர், ரிக்கில் துளையிடுகிறவர். எங்கள் ஆட்களில் கனபேர் செய்வது இந்த வேலைகளைத்தான்.

இதை நான் செய்திகளில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. சோற்றுப் பார்சலில் கற்றுக்கொண்டேன்.

2012இல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிஸ்குவில் இருக்கும் பட்டறைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினோம். அதற்கு அடுத்த ஊர் லெடுக். 1947 பெப்ரவரி 13ஆம் திகதி அங்கே எண்ணெய் பீறிட்ட பிறகுதான் அல்பேர்ட்டா எண்ணெய் மாகாணம் ஆனது. 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் நின்றபோது நாளுக்கு 65 பார்சல் கட்டினோம். மூன்று பட்டறையில் இரவு ஷிஃப்ட். பெடியங்கள் ஓவர்டைம் காசில் புது பிக்கப் வாங்கி வந்து கடை வாசலில் காட்டுவார்கள்.

அந்த வருடம் நவம்பர் 27ஆம் திகதி ஒபெக் நாடுகள் கூடி, உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தன. அமெரிக்காவில் பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது. விலை சரிந்தது. எங்களுக்கு உடனே தெரியவில்லை. நத்தாருக்கு 60 பார்சல் போனது. தையில் இரவு ஷிஃப்ட் நின்றது, 45 ஆனது. கையில் இருந்த வேலைகளை முடித்தார்கள், புதியது வரவில்லை. 2015 ஒக்டோபரில் பீஸ் ரிவர் பக்கம் நாளுக்கு 80,000 பீப்பாய் எடுப்பதற்குக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய திட்டத்தையே பாதியில் கைவிட்டார்கள். 2016 பெப்ரவரியில் பீப்பாய் 26 டாலரைத் தொட்டபோது நாங்கள் கட்டியது 14 பார்சல். அந்த மாதம் எட்மன்டனில் பெற்றோல் லீட்டர் 70 சதத்துக்கும் கீழே. வான் தாங்கியை இவ்வளவு மலிவாக நான் அதற்கு முன் நிரப்பியதே இல்லை. நிரப்பிய வானுக்குப் போக இடம்தான் இருக்கவில்லை.

அப்போது இன்னொன்றும் நடந்தது. கனேடிய டாலர் அந்தக் காலத்தில் எண்ணெயோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். 2014 நடுவில் நம் ஒரு டாலருக்கு 93 அமெரிக்க சதம் கிடைத்தது. 2016 ஜனவரியில் 69 சதமும் கிடைக்கவில்லை. எங்கள் அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் கொள்கலனில் வருவது, இறக்குமதி செய்பவர் பணம் கட்டுவது அமெரிக்க டாலரில். பனிக்கால மரக்கறி கலிபோர்னியாவில் இருந்து. அந்த ஜனவரியில் ஒரு பூக்கோவா 7, 8 டாலர் விற்றது ஞாபகம் இருக்கிறதா? ஒரு அம்மா அதைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கிடத்துவது மாதிரி மெதுவாகத் திருப்பி வைத்தா. ஊரில் சம்பளம் குறைகிற நேரம் பார்த்துச் சாப்பாடு ஏறியது, அதுவும் அதே எண்ணெய் விலையால். இந்தத் தடவை டாலர் அந்த மாதிரி விழவில்லை. விழுந்தால் அரிசி மூட்டையில் ஒன்றிரண்டு டாலர் ஏறும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

2016 மே 3ஆம் திகதி மக்மரியில் காட்டுத்தீ வந்தது உங்களுக்குத் தெரியும். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். எங்கள் வாடிக்கையாளர் குடும்பங்கள் சில, கடைக்கு மேலே இருக்கும் அறையில் பாய் போட்டுப் படுத்தன. தீ அணைந்து திரும்பிப் போனவர்களில் சிலருக்கு வீடு இருந்தது, வேலை இருக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் அல்பேர்ட்டாவில் வேலையில்லாதோர் 9 விழுக்காடு.

2020ஐ நீட்டத் தேவையில்லை. ஏப்ரல் 20ஆம் திகதி எண்ணெய் விலை சைபருக்குக் கீழே போய் நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். கொரோனாவில் கடைக்கு வியாபாரம் இருந்தது, சனம் மூட்டை மூட்டையாக வாங்கியது. நிஸ்குப் பார்சல் மட்டும் முழுக்க நின்றது. பிறகு வரவேயில்லை.

அது ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். 2022இல் விலை திரும்ப 100 டாலரைத் தாண்டியது. 2024 மே முதல் இங்கிருந்து வான்கூவர் கடற்கரைக்கு விரிவாக்கிய எண்ணெய்க் குழாய் ஓடுகிறது. அல்பேர்ட்டா நாளுக்கு 40 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த மாதங்களும் வந்துவிட்டன. 2014இல் இவ்வளவு எண்ணெய் எடுத்ததில்லை. ஆனால் அன்று இருந்த வேலைகள் திரும்ப வரவில்லை. சுரங்கத்தில் 400 தொன் ஏற்றுகிற லொறிகளில் இப்போது பல ஓட்டுநர் இல்லாமலே ஓடுகின்றன. அந்த லொறி ஓட்டி வீடு வாங்கியவர் ஒருவர் இங்கே ரொட்டி வாங்க வருவார், இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். விலை இறங்கும்போது ஆளைக் குறைக்கிறார்கள். விலை ஏறினால் கடனை அடைத்துப் பங்குதாரருக்குக் கொடுக்கிறார்கள், ஆளைக் கூட்டுவதில்லை. கம்பனிப் பக்கம் நின்று பார்த்தால் அது புத்தி என்று எனக்கும் விளங்குகிறது. கல்லாப் பக்கம் நின்று பார்த்தால் அவ்வளவு ரசிக்க முடியவில்லை.

இப்போது ஆள்குறைப்பு அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது. 2025 செப்டெம்பர் கடைசியில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம், 2027 முடிவதற்குள் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அடி விழுவது கூடுதலாகக் கல்கரிக்கு. மிஞ்சுகிற கல்கரி வேலைகளில் பெரும்பாலானவற்றை எட்மன்டனுக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். "அப்ப உங்களுக்கு யாவாரம் கூடும்" என்று ஒருவர் பகிடி விட்டார். கல்கரியில் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய்க் கம்பனியில் ஒருவரும் இல்லாத வீட்டுக்கும் இது வந்து சேரும். அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, அதில் நமக்கெல்லாம் பெருமை. அந்த இடத்தை நிரப்புவதில் பெரும்பங்கு எண்ணெய் உரிமப் பணம், அதாவது எண்ணெய் எடுப்பதற்குக் கம்பனிகள் மாகாணத்துக்குக் கட்டுவது. 2025 வரவு செலவுத் திட்டத்தை ஒரு பீப்பாய் 68 டாலர் என்று வைத்துத்தான் போட்டார்கள். அதில் ஒரு டாலர் குறைந்தால் மாகாணத்துக்கு ஏறத்தாழ 75 கோடி டாலர் இல்லாமல் போகும் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை செய்கிறவர்கள் எங்கள் வாடிக்கையாளரில் நிறையப் பேர், அவர்களுக்கு நான் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சரி, கடன் கொப்பி.

2016இல் கொப்பியில் நின்ற கடன் 11,000 டாலர். அதில் பெரும்பகுதி திரும்ப வந்தது, இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். சிலர் மூன்று வருடம் கழித்து, ரொறன்ரோவில் இருந்து அனுப்பினார்கள். எனக்கு நட்டம் என்பது திரும்பி வராத காசு அல்ல. கடன் வைத்தவர்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். என்னைக் கண்டால் வெட்கப்பட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரிய கடையில் கைக்காசு கொடுத்து வாங்கினார்கள். கோயிலில் கண்டால் தூணுக்குப் பின்னால் போனார்கள். கொப்பி கொடுத்து உதவினோம் என்று நினைத்தோம், அந்தக் கொப்பியே எங்களுக்கு நடுவில் நின்றது.

அதனால் இந்தத் தடவை வேறு மாதிரி. வேலை போன வீட்டுக்கு எட்டுக் கிழமை, 300 டாலர் வரைக்கும், அரிசி, மா, பருப்பு, எண்ணெய், பால்மா, மரக்கறி. ஏன் எட்டு? வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஈ.ஐ. காப்புறுதியின் முதல் காசு கைக்கு வர ஒரு மாதம் அளவில் ஆகிறது. வந்தாலும் 2025இல் கிழமைக்கு 695 டாலருக்கு மேல் கிடையாது. கிழமைக்கு 2,000க்கு மேல் எடுத்த வெல்டர் ஒருவர் வீட்டுக்கடனையும் வண்டிக்கடனையும் அதற்குள் அடக்க இரண்டாவது மாதமும் வேண்டும். கடிதம் எதுவும் காட்ட வேண்டாம். கல்லாவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கடைத் தொலைபேசிக்குச் செய்தி அனுப்புங்கள், என் மனைவி மட்டும்தான் பார்ப்பா. கணக்கு ஆறு மாதத்துக்குள் முடிந்தால் போதும். கடன் இருக்கும்போதும் தயவுசெய்து கடைக்கு வாருங்கள், தேத்தண்ணி குடியுங்கள், நான் கணக்கு கேட்க மாட்டேன்.

வேலையில் இருப்பவர்களின் கொப்பியை இனி மாதக் கடைசியில் மூடுகிறோம். இறைச்சி, ரோல்ஸ், இனிப்புக்குக் கடன் கிடையாது. இதில் கோபிப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், அவர்கள் யாரென்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

கடையில் வேலை செய்கிற ஐந்து பேரில் ஒருவரையும் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் கிழமைக்கு நாலு மணித்தியாலம் குறைத்திருக்கிறோம், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. அதனால் திங்கட்கிழமைகளில் கடை காலை 9க்குப் பதிலாக 11 மணிக்குத் திறக்கும்.

மக்மரி வான் டிசம்பர் 6ஆம் திகதி சனிக்கிழமை புறப்படும், அடுத்தது 20ஆம் திகதி. வியாழன் இரவு 8 மணிக்குள் பட்டியலை அனுப்புங்கள். ஒரு பயணத்தில் 30 வீடு சேர்ந்தால் வான் காசை 6 டாலர் ஆக்குவேன், அதற்குப் பெற்றோல் விலையை நான் பார்க்கப் போவதில்லை. பொங்கலுக்கு மண்பானையும் கரும்பும் வேண்டியவர்கள் 20ஆம் திகதி வானிலேயே சொல்லிவிடுங்கள். முட்டையை இனி மடியில் வைத்துக் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மில்வூட்ஸ் கடைக்காரர்